ஆரியா என்றால் இறக்கு

குன்னூர் போய்விட்டு வந்து பத்து நாளாகிறது. கோபம் தணிந்ததும் எழுதலாம் என்று பொறுத்திருந்தேன். அது தணிகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் இப்படியே எழுதிவிடுகிறேன். பயணக் குறிப்பு தேடி வருகிறவர்களுக்கு அதுவும் உண்டு. ஆனால் இந்தப் பதிவு ஒரு சொல்லைப் பற்றியது. அந்தச் சொல்லைச் சொன்னதற்காக ஒரு பெண்ணுக்கு வேலையும் வீடும் போக இருந்ததைப் பற்றியது. தங்கிய இடத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை, பின்னூட்டத்தில் கேட்காதீர்கள்.

அக்டோபரில் வெயில் குறையும் என்பதெல்லாம் தூத்துக்குடியில் காலண்டரோடு சரி. மகள் விடுதிக்குப் போய்விட்டாள், எனக்கு நான்கு நாள் லீவு மிச்சம் இருந்தது. இவருக்கு (இவர் என்றால் என் வீட்டுக்காரர்) மலை என்றால் உயிர், ஆனால் முட்டிவலிக்காரர். சரிவில் இறங்கிப் போகும் காட்டேஜ்களுக்குப் பெட்டிகளை டிராலியே கொண்டுபோய்விடும் என்று ஒரு ரிசார்ட்டின் விளம்பரத்தில் பார்த்ததும் அங்கேயே பதிவு செய்தோம். ஓர் இரவுக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய், காலை உணவோடு.

கோவை வரை ரயில். அங்கிருந்து மேட்டுப்பாளையம், பிறகு குன்னூருக்கு அரசுப் பேருந்து. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும், ஒன்றரை மணி நேரம் ஆனது. பர்லியாறு தாண்டியதும் காது அடைத்தது, இவருக்கு வாய் திறந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு வியப்பு. குன்னூரில் ஜீப்புக்கு எண்ணூறு கேட்டார்கள், அறுநூற்றைம்பதுக்குப் பேசினேன். "ஏனுங்க, அந்த ரிசார்ட்டுங்களா? ரோடு மேலயே முடிஞ்சிருமுங்க. பெட்டி டிராலில போயிரும், நீங்கதான் நடக்கோணும்" என்றார் ஓட்டுநர். இவர் முட்டியைத் தடவிக்கொண்டார்.

இடத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. அது பழைய தேயிலை எஸ்டேட். கீழே பறித்த கொழுந்து மூட்டைகளை மேலே ஃபேக்டரிக்கு இழுக்க ஒரு காலத்தில் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். ஃபேக்டரி மூடி, ரிசார்ட் வந்த பிறகு, அதே தண்டவாளத்தில் பெட்டிகள் போகின்றன. மேலே தகரக் கொட்டகைக்குள், டிராலியைக் கம்பிவடத்தில் இழுத்து இறக்கும் விஞ்ச். அதை ஓட்டும் முருகையாவுக்குச் சரிவில் எதுவும் தெரியாது, நடுவே சில்வர் ஓக் மரங்கள், போதாததற்கு மூடுபனி. பாதிச் சரிவில், நாம் நடந்து இறங்கும் பாதை தண்டவாளத்தைக் கடக்கிறது. அந்தக் கடவில் ஒரு பெண் நின்றுகொண்டு, பாதையில் ஆளில்லை என்று பார்த்து மேலே குரல் கொடுக்க வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் அங்கே தொங்கும் தகரத்தைக் கம்பியால் அடிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் பெயர் பாக்கியம். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது பனிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது: "ஆரியா… ஆரியா…"

நான் அப்படியே நின்றுவிட்டேன். நீலகிரியில், கடலே கண்ணில் படாத இடத்தில், துறைமுகத்தில் வேலை பார்த்த என் அப்பாவின் சொல்.

துறைமுகத்துப் பக்கம் வளராதவர்களுக்கு: ஆரியா என்றால் இறக்கு. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசிகளின் சொல். ஏற்றுவதற்கு ஆவீஸ், இறக்குவதற்கு ஆரியா. போர்த்துகீசிய மாலுமிகள் பாயை இறக்கும்போது சொன்ன சொல் இப்படித் திரிந்தது என்று எங்கள் துறைமுகத்தில் விவரம் தெரிந்த ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கிருந்து வந்தால் என்ன, எங்கள் வீட்டில் அது சோறு, தண்ணீர் மாதிரி சாதாரணச் சொல். பரணில் இருக்கும் அண்டாவை ஆரியா பண்ணணும். காய்ச்சல் குறைந்தால் "ஆரியா ஆயிட்டு". அப்பா குரல் உயர்ந்தால் அம்மா அடுப்படியிலிருந்தே "ஆரியா, ஆரியா" என்பாள். ஆனால் அந்தச் சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாது. கை நழுவிப் பாத்திரம் விழுந்தால் அது ஆரியா இல்லை. கயிறு கையில் இருக்க வேண்டும், பாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும், தரையைத் தொடும்வரை பிடி விடக் கூடாது. அதற்குத்தான் ஆரியா. விட்டுவிடுவதற்கு வேறு சொல் இருக்கிறது, அதை இங்கே எழுத முடியாது.

கடவுக்கு வந்ததும் பாக்கியத்திடம் இந்தச் சொல் எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். முருகையா அண்ணன் கொண்டுவந்தது என்றார். அவர் முன்பு குந்தாவில் மின்திட்ட வேலைகளில் ஒரு காண்ட்ராக்டரிடம் விஞ்ச் ஓட்டியவராம், அங்கே கடற்கரைப் பக்கத்துக் கலாசிகளோடு பழகியதில் வாயில் ஒட்டிக்கொண்டதாம். பாக்கியத்தின் தாய் தகப்பன் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து சேரங்கோடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள், பாக்கியம் கல்யாணமாகி இந்த எஸ்டேட்டுக்கு வந்தவர். இப்போது கணவர் இல்லை. ரிசார்ட்டுக்குச் சொந்தமான லைன் வீட்டில், அதாவது வரிசையாகக் கட்டிய பழைய தொழிலாளர் குடியிருப்பில், மகளோடு இருக்கிறார். வேலை இருக்கும்வரை வீடு. இதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் சிரித்தபடி சொன்னார். நானும் பக்கத்து ஊர்க்காரியைப் பார்த்த மாதிரி வாய் ஓயாமல் பேசினேன்.

மறுநாள் மதியம் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். அப்போது சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அப்பா, அம்மா, ஐந்து வயதுப் பெண் குழந்தை. அவர்களுடைய பெட்டிகள் டிராலியில் ஏறின. அவர்கள் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால், இவர் முட்டிக்கு ஏற்ற வேகத்தில். பாக்கியம் கடவில் நின்று பாதையைப் பார்த்தார். குழந்தை தொலைவில் அம்மாவின் கையைப் பிடித்திருந்தது. சரியென்று குரல் கொடுத்தார்: "ஆரியா…"

குழந்தை அம்மாவின் கையை உதறிவிட்டுக் கடவை நோக்கி ஓடியது.

அந்தக் குழந்தையின் பெயர் ஆர்யா.

என் கண்ணால் பார்த்தேன், அதனால் அடித்துச் சொல்கிறேன். தண்டவாளத்தில் குழந்தை கால் வைக்கும் முன்பே பாக்கியம் தகரத்தை அடித்துவிட்டார். மறு கையால் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விலகி நின்றார். டிராலி மேலேயே, ஒரு பஸ் நீளத்துக்கும் அப்பால் நின்றுவிட்டது. குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஓடிவந்த அப்பாவுக்கு இது எதுவும் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், தூக்கிக்கொண்டாள். அவர் பார்த்தது அவ்வளவுதான். பதறியதில் தப்பில்லை, நானும் பிள்ளை பெற்றவள். ஆனால் பதற்றத்துக்கும் ஓர் அளவு உண்டு. "என் பொண்ணு பேரு உனக்கு எப்படித் தெரியும்? யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டவர், அடுத்த மூச்சில் பிள்ளை பிடிக்கிற கூட்டம், போலீஸ் என்று போய்விட்டார். பாக்கியம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "பாப்பாவக் கூப்புடலீங்க. டிராலிய எறக்கச் சொன்னனுங்க."

ரிசப்ஷனில் பஞ்சாயத்து. மேனேஜர் முப்பது வயதுக்காரர், கோட்டு போட்டவர். அங்கே வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதமாக அந்த மேனேஜர் காதில் இந்தச் சொல் நாளும் விழுகிறது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்: "சார், இவங்க டிராலிக்குத் தினமும் இதைத்தான் சொல்வாங்க." சொல்லவில்லை. "அவங்க ஏதோ கத்துவாங்க சார், எனக்கு அந்த லாங்வேஜ் தெரியாது" என்றார். அந்த லாங்வேஜாம்! அவரும் தமிழ்தான் பேசுகிறார், பாக்கியமும் தமிழ்தான் பேசுகிறார். கேட்டுத் தெரிந்துகொள்ளாத சொல்லெல்லாம் வேறு பாஷை ஆகிவிடுமா? பிறகு பாக்கியத்தின் பக்கம் திரும்பி, விளையாட்டுக்குக் கூப்பிட்டேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சாரிடம் மன்னிப்புக் கேள், போலீஸ் வேண்டாம் என்று நான் சொல்கிறேன் என்றார். எப்படி இருக்கிறது பாருங்கள் நியாயம். குழந்தையைக் காப்பாற்றியவர் குழந்தையைக் கூப்பிட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாக்கியம் மாட்டேன் என்றார். அப்படியென்றால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றார் மேனேஜர்.

இவர் என் முழங்கையைத் தொட்டு, நாம் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று முணுமுணுத்தார். சுற்றிப் பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொண்டா பார்ப்பது? நான் உள்ளே புகுந்தேன். அது பெயரில்லை ஐயா, வினைச்சொல் என்றேன், துறைமுகத்துப் பாஷை என்றேன். மேனேஜர் செல்போனில் தேடி, ஆரியா என்றால் உயர்ந்தவர் என்று போட்டிருக்கிறது, இறக்கு என்று எங்கேயும் இல்லையே மேடம் என்று காட்டினார். அவர் சொன்ன "மேடம்" எனக்கு எப்படி இருந்தது என்பதை விட்டுவிடுகிறேன். செல்போனில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நினைக்கிறவரிடம் வாயால் பேசிப் பயனில்லை என்று புரிந்தது.

அதனால் குழந்தையின் அப்பாவிடம் பேசினேன். ஐந்து நிமிடம் என்னோடு கடவுக்கு வாருங்கள், அதன் பிறகு போலீஸைக் கூப்பிடுவதானால் நானே சாட்சி சொல்கிறேன் என்றேன். மனிதர் வந்தார், அதற்கு நன்றி. பெட்டிகளை எடுத்துவிட்டதால் டிராலி காலியாக, நின்ற இடத்திலேயே நின்றது. குழந்தை அம்மாவின் இடுப்பில். பாக்கியத்தைத் தகரத்தின் பக்கம் நிற்கச் சொன்னேன். மேலே முருகையாவுக்கு இந்தக் கலவரம் எதுவும் தெரியாது, அடுத்த குரலுக்குக் காத்திருக்கிறார். "உங்க பிள்ளைய நீங்களே கூப்பிடுங்க. தூரத்துல இருந்தா எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படி" என்றேன்.

அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு பனியைப் பார்த்து இழுத்துக் கூப்பிட்டார்: "ஆர்யா…!"

"என்னப்பா?" என்றது குழந்தை. சரிவில் டிராலி கடகடவென்று இறங்கத் தொடங்கியது.

பாக்கியம் தகரத்தை அடித்தார், நின்றது. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்பா மேனேஜரிடம் சாரி சொன்னார். மேனேஜர் அப்பாவிடம் சாரி சொன்னார். அம்மா என்னிடம் தேங்க்ஸ் சொன்னார். அன்று இரவு அவர்களுக்குச் சாப்பாடு இலவசம் என்று மேனேஜர் அறிவித்தார், எங்களுக்கும் சேர்த்து. நான் வேண்டாம் என்றேன் (இவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்). இத்தனை சாரியும் தேங்க்ஸும் தலைக்கு மேலே பறக்க, தகரத்தின் பக்கம் நின்றவரிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது ஒன்றே ஒன்று. இனி டிராலிக்கு ரிசப்ஷன் ஆள் வாக்கி-டாக்கியில் பேசுவார், நாளைக்கு நீ வர வேண்டாம், சொல்லியனுப்புகிறேன் என்று மேனேஜர் சொன்னார்.

சாயங்காலம் லைன் பக்கம் போய்ப் பாக்கியத்தைப் பார்த்தேன். வீடு போய்விடுமே என்று அழுவார் என்றுதான் நினைத்துப் போனேன். அவர் அழவில்லை. தேயிலையா இல்லை, வேறு தோட்டமா இல்லை, கை இருக்கிறது என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "புள்ள புடிக்கறவன்னு சொல்லிப்போட்டாங்கல்லங்க. நாளைக்கு இந்த லைன்ல எந்தப் புள்ளையத் தூக்குனாலும் ஒரு பார்வ பாப்பாங்கல்லங்க" என்றார். இதற்குப் பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அடுத்த நாள் ஊட்டி போனோம். குன்னூரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள். தாவரவியல் பூங்கா அழகாகத்தான் இருந்திருக்கும். இவர் புகைப்படம் எடுத்தார். எல்லாப் படத்திலும் நான் யாரோடோ சண்டை போடுகிற முகத்தோடு நிற்கிறேன்.

கிளம்பும் நாள் காலை, சரியான மூடுபனி. அந்தக் குடும்பமும் அன்றுதான் கிளம்புகிறது. பெட்டிகளோடு எல்லோரும் கீழே நிற்கிறோம், டிராலி மேலே நிற்கிறது. ரிசப்ஷன் ஆள் வாக்கி-டாக்கியில் "டவுன், டவுன்" என்கிறார். ஒன்றும் அசையவில்லை. பத்து நிமிடம் போனது. கடைசியில் முருகையாவின் பதில் கரகரவென்று வந்தது. கடவில் ஆள் நின்று பார்த்துச் சொல்லாமல் பிரேக்கை விட மாட்டேன், பனிக்குள் யார் நிற்கிறார்கள் என்று இந்தப் பேசுகிற பெட்டிக்குத் தெரியுமா என்று கேட்டார். சென்னைக்காரர்கள் விமானத்துக்கு நேரமாகிறது என்றார்கள். மேனேஜர் பாக்கியத்துக்கு ஆள் அனுப்பினார்.

பாக்கியம் வந்தார். அவசரப்படவில்லை. மேனேஜரும் நாங்களும் பின்னாலேயே கடவுக்கு ஏறிப்போனோம். பாக்கியம் கடவில் நின்று மேலும் கீழும் பார்த்தார். கூடவே ஏறிவந்த குழந்தையின் அம்மாவிடம் பாப்பாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு மேனேஜரைப் பார்த்து, மிக மரியாதையாக, "என்ன சொல்லட்டுங்க சார்?" என்று கேட்டார்.

வழக்கமாகச் சொல்வதைச் சொல் என்றார் அவர். அது என்னங்க என்று பாக்கியம் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வாய்க்குள்ளேயே "ஆரியா" என்றார்.

"மேல கேக்கோணுமுங்க."

கோட்டு போட்ட மனிதர் கழுத்து நரம்பு தெரியக் கத்தினார். டிராலி இறங்கியது. நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சொந்த வண்டியென்றால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அரசுப் பேருந்துக்கு அந்தத் தலைவலி இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், சோதனையில் வாங்கிவிடுவார்கள். மலை ரயிலுக்கு வெகு முன்னதாகவே பதிவு செய்யுங்கள், நாங்கள் செய்யாமல் ஏமாந்தோம். முட்டிவலிக்காரர்கள் சரிவில் தங்காதீர்கள், பெட்டிதான் டிராலியில் போகும். ஆர்யா என்று பெயருள்ள குழந்தையோடு போனால், இது மாதிரி தண்டவாளத்தைப் பார்த்ததும் அங்கே நிற்கிறவரிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் புரியாத ஒரு சொல்லை யாராவது கத்தினால், போலீஸைக் கூப்பிடும் முன் அதன் அர்த்தத்தைக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

பாக்கியத்துக்கு வேலை இருக்கிறது, வீடும் இருக்கிறது. போன வாரம் தொலைபேசியில் பேசினேன். அந்த மட்டில் நல்லது. ஆனால் அன்று காலை, பெட்டிகள் மேலே போன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கடவில் தண்டவாளத்துக் கட்டைகள் பனியில் வழுக்கின. குழந்தையின் அம்மா ஒரு காலை அந்தப் பக்கம் வைத்துத் தடுமாறி, குழந்தையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்படி பாக்கியத்திடம் நீட்டினார். குழந்தையும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தாவியது.

பாக்கியம் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீங்களே புடிச்சுக்கங்க" என்றார்.